நைனாவுக்கு வைத்த விளக்கு

குணசுந்தரி டீச்சர் அந்தப் பாடத்தை நடத்தாமலேயே இருந்திருக்கலாம். புத்தகத்தில் கார்த்திகை தீபம் என்று அரைப் பக்கம்தான் இருந்தது. வாசிக்கச் சொல்லிவிட்டு மணியை அடித்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவளுக்கு வாய் சும்மா இருக்காதே.

கடம்பத்தூரில் ரயில் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள். இருபத்து மூன்று வயதில் முதல் வேலையாக, பழவேற்காடு ஏரி கடலில் கலக்கிற முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு மீனவர் குப்பத்துக்கு வந்து சேர்ந்தாள். குப்பத்துக்கு ஒரே பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்துக்கு ஒரே டீச்சர். அறுபத்தெட்டாம் வருஷம் ஆனியில் வந்தவளிடம் கார்த்திகைக்குள் பிள்ளைகள் அப்படி ஒட்டிக்கொண்டுவிட்டார்கள். டீச்சர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. அதுதான் வம்பாகப் போயிற்று.

"மத்த நாள்ல ஏத்துற விளக்கு நமக்கு. கார்த்திகை விளக்கு அப்படி இல்லை" என்று ஆரம்பித்தாள். "மாட்டுக் கொட்டகையில வைக்கிறோம், கிணத்தடியில வைக்கிறோம், குப்பைமேட்டுல கூட ஒண்ணு வைக்கிறோம். ஏன்? புழு பூச்சிக்கும் அந்த வெளிச்சம் போய்ச் சேரணும். தண்ணிக்குள்ள இருக்கிற மீனுக்கும் சேரணும். யாரு இருட்டுல இருக்காங்களோ அவங்களுக்காக வைக்கிறதுதான் கார்த்திகை."

மூன்றாம் வகுப்பு அஞ்சம்மாள் எழுந்து நின்றாள். எட்டு வயது, எண்ணெய் காணாத தலை, எதையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்கிற பெண்.

"கடல்ல இருக்கிறவங்களுக்கும் வெக்கலாமா டீச்சர்? எங்க நைனா இன்னும் ரெண்டு பேரோட கருவாடு ஏத்திக்கினு காசிமேட்டுக்குப் போயிகிறாரு. நாளைக்கு சாயங்காலம்தான் படகு வருமாம்."

டீச்சருக்குப் புல்லரித்துவிட்டது. நாம் நடத்துகிற பாடம் ஒரு பிள்ளையின் மனசில் இப்படியா போய் விழும்! "தாராளமா வைக்கலாம் கண்ணு. அதைவிட நல்ல விளக்கு எது இருக்கு?" என்றாள். அத்தோடு விட்டாளா? "ஆனா ஒண்ணு. ஏத்தின விளக்கை யாரும் அணைக்கக்கூடாது. எண்ணெய் தீர்ந்து தானா குளிரணும்" என்று வேறு சேர்த்து வைத்தாள்.

மறுநாள் தீபம். காலையிலிருந்தே காற்று விழுந்துவிட்டது. பாய் விரித்து வரவேண்டிய படகு துடுப்பு போட்டுத்தான் வந்தாக வேண்டும், பொழுதோடு வந்து சேராது என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். பொழுது சாய்ந்ததும் ஆண்கள் எல்லாரும் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற கோயிலுக்குச் சொக்கப்பனை கொளுத்தப் போய்விட்டார்கள். டீச்சர் தன் வீட்டு வாசலில் ஐந்து அகல் ஏற்றி முடிப்பதற்குள் பிள்ளைகள் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"கண்ண மூடிக்கினு வா டீச்சர்!"

கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்திக் கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். அடேயப்பா! கரை நெடுகிலும் விளக்கு. மணலில் சின்னச் சின்னக் குழி தோண்டி, குழிக்கு ஒரு அகலாக நூறுக்கு மேல் இருக்கும். முகத்துவாரத்து ஓரமாகக் குப்பத்தார் நட்டிருக்கிற கம்பத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விளக்காகவே இருந்தது. கம்பத்து உச்சியில் ஒரு அரிக்கேன் விளக்கு தொங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லாததால் ஒரு விளக்குகூட அசையவில்லை.

"கம்பத்துக்கு அந்தாண்ட இருக்கிறதெல்லாம் நான் வெச்சது" என்றாள் அஞ்சம்மாள். "நைனாவுக்கு."

குணசுந்தரிக்குப் பெருமை தாங்கவில்லை. குனிந்து அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அப்போதுதான் பின்னால் கூச்சல் கேட்டது. அஞ்சம்மாளின் அம்மா பச்சையம்மா, முந்தானை மணலில் புரள ஓடி வந்துகொண்டிருந்தாள். அவள் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள்.

"அய்யய்யோ! யாரு வெச்சது இதெல்லாம்? எந்தக் கட்டையில போறவன் வெச்சது?"

"என்னாச்சு பச்சையம்மா? பிள்ளைங்கதான் ஆசையா வெச்சிருக்காங்க."

"டீச்சரம்மா, அந்தக் கம்பத்துல அரிக்கேன் தொங்குதே, எதுக்குன்னு நெனச்சே? இருட்டுல வர்ற படகுக்கு அது ஒண்ணுதான் வழி. அத மூக்குக்கு நேரா புட்ச்சிக்கினு வந்தா ஆழம். இந்தாண்ட அந்தாண்ட சாஞ்சா மணல் திட்டு. அலை அங்கதான் மடங்கி ஒடையுது. போன வருசம் ரெண்டு பேர அந்தத் திட்டுதான் வாரிக்கினு போச்சு." பச்சையம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "இப்ப நூறு வெளக்கு எரியுது. இதுல கம்பத்து வெளக்கு எதுன்னு அந்த மனுசனுக்கு எப்டிம்மா தெரியும்?"

"அங்க லைட்ஹவுஸ் இருக்கே?" என்று குணசுந்தரி ஏதோ உளறினாள்.

"அது ஊரு எங்கன்னு சொல்லும். வழி எங்கன்னு சொல்லுமா?"

குணசுந்தரி கடல் பக்கம் பார்த்தாள். பௌர்ணமி நிலாவை மேகம் மூடியிருந்தது, ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கருப்புக்குள் எங்கேயோ மூன்று பேர் துடுப்புப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அலை உடைகிற சத்தம் மட்டும், இத்தனை மாதம் அவள் காதில் விழாத சத்தம், இப்போது நெஞ்சில் இடித்தது.

"அப்ப சீக்கிரம் அணைங்க! எல்லாரும் அணைங்க!"

ஒருத்தியும் அசையவில்லை. பச்சையம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"புருசன் கடல்ல இருக்கசொல்ல நான் வெளக்க அணைக்கிறதா? தீபத்தன்னைக்கா? கைய வெட்டிப் போடு டீச்சரம்மா, என்னால ஆவாது." சொல்லிவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அணைக்கக்கூடாதுன்னு நீதான சொன்னே டீச்சர்?" என்றான் ஒரு பையன்.

ஆமாம், சொன்னவள் அவள்தான். கார்த்திகை விளக்கைக் காலால் மிதிப்பதை நினைக்கவே அவளுக்கும் பயமாக இருந்தது. கோயிலுக்கு ஓடி ஆண்களைக் கூட்டி வர நேரமில்லை. அருணாசலேசுவரா, பாவமெல்லாம் என் தலையிலேயே விழட்டும் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு முதல் விளக்கின் மேல் மணலை அள்ளிப் போட்டாள்.

பிறகு யோசிக்கவே இல்லை. அள்ளிப் போட்டாள், மிதித்தாள், உதைத்தாள். சூடான எண்ணெய் பாதத்தில் கொட்டித் தோல் பொத்துப்போனது. பிள்ளைகள் ஒவ்வொருவராக அழுதார்கள். நம் டீச்சருக்கு என்ன பிடித்துக்கொண்டது என்று அந்தக் குழந்தைகளுக்கு எப்படித் தெரியும்!

கம்பத்தைத் தாண்டியபோது அஞ்சம்மாள் குறுக்கே விழுந்தாள்.

"இது வேணாம் டீச்சர்! இது நைனாவுக்கு!"

"தள்ளுடி! உங்க நைனாவுக்காகத்தான் சொல்றேன்!"

அவள் நகரவில்லை. டீச்சரின் கையைப் பிடித்து நறுக்கென்று கடித்தாள். குணசுந்தரி அந்தப் பெண்ணை இழுத்து மணலில் எறிந்தாள். ஒரு பிள்ளை மேல் அவள் கை வைத்தது அதுதான் முதல் தடவை. எறிந்துவிட்டு மிச்ச விளக்குகளையும் அணைத்தாள்.

கம்பத்து அரிக்கேன் ஒன்றுதான் எரிந்தது. பெண்கள் எல்லாரும் நீர் விளிம்பில் போய் நின்றார்கள். பச்சையம்மா கங்கையம்மனை வேண்டிக்கொண்டே இருந்தாள், மூச்சு விடக்கூட நிறுத்தவில்லை. தெற்கே திட்டுப் பக்கம் அலை ஒன்று பெரிதாக உடைந்தபோது ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நேரம் கடந்துவிட்டதோ, ஏற்கெனவே எல்லாம் முடிந்துவிட்டதோ, நான் மிதித்ததெல்லாம் வீணோ என்று குணசுந்தரிக்கு மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

எவ்வளவு நேரம் நின்றார்களோ. முதலில் துடுப்புச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல்.

"அது அவருதான்! அவரு இருமலுதான்!" என்று பச்சையம்மா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

படகு அரிக்கேனுக்கு நேராக வந்து கரை தட்டியது. மூன்று தலையும் இருந்தன. குணசுந்தரி மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அஞ்சம்மாளின் அப்பா முனிகிருஷ்ணன் குதித்து இறங்கிய வேகத்தில் பெண்டாட்டியைக்கூடப் பார்க்கவில்லை. மனிதனுக்குப் பயம் இன்னும் தெளியவில்லை, அதனால் கோபமாக வந்தது.

"திட்டு மேல ஏற இருந்தோம்! கரை பூரா நெருப்பா எரியுது, எது வழின்னு தெரியாம துடுப்ப நிறுத்திட்டு நடுக்கடல்ல நின்னோம். அலை எங்கள உள்ள தள்ளிக்கினே இருக்குது. அப்பறம்தான் ஒண்ணொண்ணா அணைஞ்சுது. எந்தப் பாவி அந்த வெளக்க வெச்சது? சொல்லுங்க, இன்னிக்கு அவன் கைய ஒடிக்காம உடமாட்டேன்!"

டீச்சரின் முதுகில் ஏதோ ஒட்டியது. அஞ்சம்மாள். அப்பாவிடம் ஓடவேண்டிய பெண், தன்னைத் தூக்கி எறிந்தவளின் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னால் பதுங்கியிருந்தாள்.

"நாந்தான் வெச்சேன்னு நைனாகிட்ட சொல்லாத டீச்சர்."

குணசுந்தரி பின்னால் கையை விட்டு அந்தச் சின்னக் கையைத் தேடிப் பிடித்தாள்.

"நீ எங்க வெச்சே? வெச்சது நாந்தான்" என்றாள்.

எழுந்தாள். வெந்த காலோடு, புடவையைக்கூடத் தூக்கிச் செருகாமல், படகை நோக்கித் தண்ணீரில் இறங்கி நடந்தாள்.

"முனிகிருஷ்ணண்ணே" என்று கூப்பிட்டாள், "அந்த விளக்கையெல்லாம் வைக்கச் சொல்லிக் குடுத்தவ நான்."