நின்னு சொல்லு

அப்பாவின் மூக்கிலிருந்து நழுவிய ஆக்ஸிஜன் குழாயை அவள் சரிசெய்துகொண்டிருந்தபோது டாக்டர் வெளியே வரச் சொன்னார். மகளாக இல்லை, வேலைக்கு.

டாக்டர் பேசுவதை நோயாளிக்கும் நோயாளி பேசுவதை டாக்டருக்கும் மொழிபெயர்ப்பதுதான் அந்த ஆஸ்பத்திரியில் அவள் வேலை. டாக்டரின் மொழியில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அண்ணனுக்கோ ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஆனால் சொந்தக்காரருக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது தொழிலில் முதல் பாடம். சித்தியின் பிரசவத்துக்குக்கூட வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டு, சித்தியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள். இன்றைக்கும் பக்கத்து ஊரில் மொழிபெயர்க்கும் இன்னொருத்திக்குப் போன் செய்தாள். வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும் என்றாள் அந்தப் பெண்.

அப்பாவின் மூச்சு அதுவரை தாங்காது. தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் போட்டால் சில நாள் ஓடும். அப்புறம் அவர் பேசப்போவதில்லை, பிழைக்கப்போவதும் இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். வேண்டுமா வேண்டாமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும். கேட்டுச் சொல்ல ஆளில்லை என்றால் மெஷினில் போட்டுவிடுவார்கள்.

மறுத்தால் அப்பாவைக் கேட்காமலே குழாய் இறங்கும். ஒப்புக்கொண்டால் நீங்கள் பிழைக்கமாட்டீர்கள் என்று அவள் வாயால் அப்பாவிடம் சொல்ல வேண்டும். சரி என்றாள்.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் அறை வாசலிலேயே மறித்தான்.

"அவர் மூஞ்சிக்கு நேரா அதைச் சொல்லிடுவியா நீ? கேட்டதும் அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீதான் கொன்னேன்னு நானே சொல்லுவேன்."

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாள். அண்ணனின் பேச்சைத் தாங்கியவளுக்கு அம்மாவின் பிடியைத் தாங்க முடியவில்லை.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அப்பாவின் விரல்களைப் பற்றிக்கொண்டாள். டாக்டர் பேசி முடித்தார்.

"குணமாயிடும்பா. கொஞ்ச நாளைக்கு மெஷின் வைக்கணுமாம், அவ்வளவுதான்."

வேலையில் அவள் சொன்ன முதல் பொய் அது.

அப்பா அவளையே பார்த்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் மகளைக் காரில் கொண்டுவந்து விடுவதும், வராந்தாவில் காத்திருப்பதும்தான் அவருடைய உத்தியோகம். அவள் வேலை செய்வதைக் கண்ணாடிக் கதவு வழியாக எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். எம்பொண்ணு உட்காரவே மாட்டா, நோயாளியோட தோளுக்குப் பின்னால போலீஸ்காரி மாதிரி நிப்பா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

"உக்காந்துக்கிட்டு சொல்றே," என்றார், மூச்சை இழுத்து இழுத்து. "நின்னு சொல்லு."

எழுந்தாள். தலைமாட்டுக்குப் போய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, டாக்டரை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். இந்த முறை ஒரு சொல்லையும் விடவில்லை. அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அப்பா டாக்டரின் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்.

"மெஷின் வேணாம். இது நானா சொல்றது. எம்பொண்ணு மேல யாரும் பழி போடக் கூடாது."

கடைசி வரியை விழுங்கிவிடலாமா என்று அவளுக்கு இருந்தது. ஆனால் எதையும் விடக் கூடாது. அதையும் டாக்டரிடம் சொன்னாள்.

சாயங்காலத்துக்கு முன்பே நர்ஸுகள் பரபரத்தார்கள்; இவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார்கள். பெஞ்சில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர்க்காரி இன்னும் வரவில்லை. டாக்டர் வந்து அம்மாவின் முன்னால் நின்று மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். அம்மா அவரைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"என்ன சொல்றாரு?"

அவள் பெஞ்சிலிருந்து எழுந்தாள். அண்ணன் நகர்ந்து வழிவிட்டான். அம்மாவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள்.