பனிச்சறுக்கு அறையில் குதிரைக்கறி

சறுக்குப் பலகைகள் வைக்கும் அறையை மதியம் ஒன்றரை மணிக்குத் திறந்தேன். பலகைகளை மாட்டுவதற்காகப் போன மாதம் நான் சுவரில் அடித்த பன்னிரண்டு கொக்கிகளிலும் குதிரைக்கறி தொங்கியது. தொடை, விலா, கழுத்து. பூட்ஸ் காய வைக்க வாங்கிய தட்டுகளில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு ஆஸ்திரியாவிலிருந்து நான்கு பேர் வருகிறார்கள். காசு கொடுத்து எங்கள் வீட்டில் தங்க வரும், இந்தப் பருவத்தின் முதல் விருந்தாளிகள். ஐந்து மணிக்கு நான் தலைநகர் பிஷ்கெக் போகிற வேனில் ஏற வேண்டும். திங்கட்கிழமை அங்கே மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை ஆரம்பம். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்த ஒன்றரை வருஷமும் யார் யாரோ படுத்தெழுந்த மெத்தைக்கு உறை மாற்றியதுதான் நான் பார்த்த வேலை.

அம்மா முற்றத்துப் பனியில் கம்பளத்தைக் குப்புறப் போட்டுக் குச்சியால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"கறிய யாரும்மா அங்க மாட்டுனது?"

"உன் சித்தப்பா. குளிருக்குக் குதிரை வெட்டியாச்சுல்ல, அதுல நம்ம பங்கு. வீட்லயே அதான சில்லுனு இருக்கிற ரூமு. கொக்கி வேற வரிசையா அடிச்சு வச்சிருக்க."

"அது ஸ்கீ மாட்டுறதுக்கு."

"கட்டையச் சுவத்துல சாய்ச்சு வைக்கலாம். கறியச் சாய்ச்சு வைக்க முடியுமாடி பெகாயிம்?"

"கழட்டிக் கொட்டகையில போடு."

"கொட்டகையில நாய். அடுப்படியில சூடு. பட்டம் வாங்குன மூளைய வச்சு நீயே ஒரு இடம் சொல்லு."

ஒரு தொடையைத் தூக்கிப் பார்த்தேன். என்னால் ஆகவில்லை. சட்டை கறையானதுதான் மிச்சம். மாடிக்கு ஓடினேன். இரண்டு கட்டிலுக்கு விரிப்பு போடவில்லை. கொதிகலனைத் திருகிவிட்டு வந்தேன், ஜன்னலைத் துடைத்தேன், துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தேன். பையின் ஜிப் மூடியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தேன்.

அம்மா கம்பளத்தோடு உள்ளே வந்தாள். "அவங்க பாஷை உனக்குத்தான் தெரியும். நீ சொன்னாப் புரிஞ்சுப்பாங்க."

"நான் அஞ்சு மணிக்குக் கிளம்பறேன்."

"மார்ச் வரைக்கும் இருந்துட்டுப் போயேன். மண்ணு எங்க ஓடிடப் போகுது?"

"போன குளிருக்கும் மார்ச்னுதான் சொன்ன."

"போன குளிருக்கு மார்ச் வந்துச்சுல்ல?"

வந்தது. பின்னாடியே மலையேறுகிறவர்களும் வந்தார்கள். அப்புறம் ஏரிக்குப் போகிறவர்கள்.

ஆஸ்திரியர்கள் இரண்டரைக்கே வந்துவிட்டார்கள். தோளில் பலகைகளோடு நேராக அந்த அறைக்குத்தான் போனார்கள். வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். நெட்டை ஆள் என் பக்கம் திரும்பி, சறுக்குப் பலகைகளை எங்கே வைப்பது என்று கேட்டான். என்ன பொய் சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அம்மா அவன் தோளிலிருந்த இரண்டு ஜோடியையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். வாங்க என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். அவர்கள் பின்னால் போனார்கள். அவள் போனது தன் படுக்கையறைக்கு. மடித்து அடுக்கிய மெத்தைகளுக்கு முன்னால் இருக்கிற மரியாதைக்குரிய இடம், விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகுதான் என் அப்பாவே உட்காருகிற இடம், அங்கே ஒரு கம்பளித் துண்டை விரித்தாள். எட்டுப் பலகைகளையும் அடுக்கின் மேல் சாய்த்தாள். பனி உருகி மெத்தையில் இறங்கியது. நெட்டை ஆளின் நெஞ்சைத் தொட்டாள், பலகையைக் காட்டினாள், தன் கதவைத் தள்ளிக் காட்டினாள். எப்போது வேண்டுமானாலும் வா.

அவன் கறி இருந்த திசையைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினான். அம்மா கனைத்தாள். அசல் குதிரை மாதிரி.

நான்கு பேரும் சிரித்தார்கள். கைக்குட்டைக்காரி கூட.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விருந்தாளிகளிடம் தேநீருக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்க, போன குளிரில் தலையில் சோப்பு நுரையோடு என்னைக் குளியலறையிலிருந்து இழுத்து வந்தவள் இவள்.

அவர்கள் மாடிக்குப் போனதும் கேட்டேன். "இவ்வளவு வருதுல்ல உனக்கு. அப்புறம் எதுக்கு என்னைப் பிடிச்சு வச்சிருந்த?"

அம்மா மெத்தையின் ஈரத்தை இடுப்பில் கட்டிய துணியால் ஒற்றினாள். நான் பையை எடுத்தேன். வாசல் வரை வந்தாள்.

"மேல கக்கூசு அடைச்சுக்கிட்டா எந்தக் குழாய மூடணும்?"

"சிவப்புக் கைப்பிடி."

"சரி."

போய் வா என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

ஐந்து மணி ஆகியும் வேனில் இன்னும் இரண்டு இருக்கை காலி. நிரம்பாமல் எடுக்க மாட்டேன் என்று டிரைவர் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பினான். அங்கிருந்து பார்த்தால் எங்கள் புகைபோக்கி தெரிகிறது. பையை மேலே போடச் சொன்னான். மாட்டேன் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஐந்தே கால். ஐந்தரை. ஒரு கிழவர் ஏறினார்.

இன்னும் ஒரு ஆள் வர வேண்டும்.