மூன்று முறை திரும்பி வந்த மனு

மூன்றாவது முறையாகப் பள்ளி எழுத்தர் என் மனுவைத் திருப்பி நீட்டியபோது எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் கத்தரிக்கோல் இல்லாமல் போனது அவருடைய நல்ல காலம். தையற்காரி நான். பாதித் துணியை மிஷினில் விட்டுவிட்டு வந்து நிற்கிறேன். என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே கை நடுங்கும். அறிவில் ஒரு குறையும் இல்லை; கேட்டால் படபடவென்று பதில் சொல்வாள், எழுதச் சொன்னால் ஒரு பக்கத்துக்கு முக்கால் மணி நேரம். பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும், கூடுதலாக ஒரு மணி நேரமும் வேண்டும். "அடுத்த வருஷம் எழுதட்டுமே, என்ன அவசரம்?" என்று தலைமையாசிரியை கைகழுவிவிட்டார். மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள்.

பள்ளியில் எழுத்தருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். முதல் இரண்டு முறையும் வாயே திறக்காமல் பென்சிலால் வட்டம் போட்டுத் தள்ளிவிட்டார். 'ஏழைத் தாயின் கண்ணீர்' போனது, 'தங்கள் பாதம் பணிந்து' போனது. இப்போது வட்டம் 'கருணை கூர்ந்து' மேல்.

"மரியாதைக்கு எழுதினதுதானே சார்? அதுவும் ஆகாதா?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். தலைமையாசிரியையின் அறை பூட்டியிருந்தது, கூட்டத்துக்குப் போயிருந்தார்.

"கருணைன்னு கேட்டா முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிடலாம்மா. ஏன்னு யாரும் கேக்க முடியாது. சட்டத்துல பொண்ணுக்கு இருக்கற உரிமைன்னு எழுதுங்க. அப்புறம் முடியாதுன்னா கையெழுத்துப் போட்டுதான் சொல்லணும். யாரு போடுவா?"

இந்த மனிதரையா மனசுக்குள் அப்படித் திட்டினோம் என்று வெட்கமாக இருந்தது. நின்றபடியே இரண்டு படிகள் திருத்தி எழுதினேன். இரண்டிலும் முத்திரை குத்தி, ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார்."

"சரி சரி, பின்னாடி இருக்கறவங்களுக்கு வழி விடுங்க," என்றார்.

பத்தாம் நாள் அனுமதி வந்தது. என் வயிற்றில் பால் வார்த்த மனிதர், என்னைப் பார்த்தால் இன்றும் சிரிக்கமாட்டார்.

தேர்வன்று மணி அடித்ததும் மற்ற பிள்ளைகள் வெளியே வந்து, விடைகளைப் பற்றி அடித்துப் பேசிக் கலைந்தார்கள். கடைசி அறையின் கதவு மட்டும் மூடியே இருந்தது. சன்னலுக்கு வெளியே போய் நின்றேன். பல் தேய்ப்பதற்கும் பொத்தான் போடுவதற்கும் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று நான் விரட்டியே வளர்த்த பிள்ளை. உள்ளே, விடை எழுதித் தரும் கீழ்வகுப்புப் பெண்ணிடம் அவள் குரல் கேட்டது.

"மெதுவாவே எழுது. நமக்கு நேரம் இருக்கு."