மரமீனுக்குப் பூசிய சிவப்பு

எங்கள் சபைப் பெண்கள் நகத்துக்குச் சாயம் பூசுவதில்லை. பின்லாந்தின் வடக்கில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்வீடன் தெரிகிற எங்கள் ஊரில், என் தோழி ஐலி ஒரு கடையில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கியதைச் சபையின் மூத்தவள் கெர்த்து பார்த்துவிட்டாள். ஆற்றில் பனி உடைந்த செய்திகூட அவ்வளவு வேகமாகப் பரவியதில்லை.

"ஹெல்வி, நீதான் அவளுக்கு நெருக்கம். அன்பாப் போய்க் கேளு" என்று பெண்கள் என்னை அனுப்பினார்கள். ஐலி சரியான பதில் சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் கேட்பார்கள். சபையின் கோடைக்காலப் பெருங்கூட்டத்துக்கு இருபது வருடமாக ரொட்டி சுடுகிறவள் அவள். அந்த வேலையும் போய்விடும்.

வியாழக்கிழமை மதியம் போனேன். ஐலி கதவைத் திறந்ததுமே நெயில் பாலிஷ் மணம் மூக்கில் ஏறியது. அவள் கட்டைவிரல் ஓரத்தில் சிவப்பு ஒட்டியிருந்தது. கையைச் சட்டென்று ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டாள்.

"காபி குடிக்க வந்தியா, விசாரிக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான்."

"அப்ப முதல்ல காபியைக் குடி. ஆறிப்போனா உன் மூஞ்சி மாதிரி ஆயிடும்."

குடித்தேன். பிறகு கேட்டேன். "நீ பூசிக்கிட்டியா?"

"இல்ல."

"பின்ன யாருக்குடி?"

"சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"நாப்பது வருஷமா ஒரே பெஞ்சுல உக்காந்திருக்கோம். என்கிட்டயுமா?"

"உன்கிட்டயும்தான்." அவள் கண் நிறைந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் என்ன வேணா சொல்லட்டும், ஹெல்வி. கேட்டுக்கிறேன்."

அப்போது பின்கட்டுக் கதவு திறந்தது. அவள் கணவர் யால்மரி நின்றிருந்தார். சால்மன் மீனை ஏமாற்றித் தூண்டிலுக்கு இழுக்க அவர் செதுக்கித் தரும் மரமீன் இல்லாத படகு எங்கள் கரையில் கிடையாது.

"அவளைக் கேக்காதம்மா. வாயைக் கட்டினவன் நான்" என்று வலது கையை நீட்டினார். காற்று இல்லாத அறையில் அந்தக் கை இலைபோல் நடுங்கியது. "பிப்ரவரி மாசத்துல ஆரம்பிச்சது. மரத்தை நெஞ்சோட அணைச்சு எப்படியோ செதுக்கிடறேன். கண்ணும் செவுளும் வரையத்தான் முடியல. நான் வரைஞ்ச மீனுக்கு ஒரு கண்ணு ஆத்தைப் பாக்குது, இன்னொண்ணு ஸ்வீடனைப் பாக்குது."

ஐலி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"அதான் இவ வரையறா. நெயில் பாலிஷ் தண்ணியில போகாது. மூடியிலயே சின்ன பிரஷும் இருக்கு. யால்மரியோட கை போச்சுன்னு ஊர் பேசிடக் கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்." அவர் மனைவியைப் பார்த்தார். "என் கௌரவத்தைக் காப்பாத்த உன் பேரை வித்திருக்கேன், ஐலி."

"விடுங்க. காபி ஆறுது" என்றாள் அவள்.

அடுப்புக்கு மேல் கயிற்றில் ஒன்பது மரமீன்கள் காய்ந்துகொண்டிருந்தன. கறுத்த முதுகு, வெள்ளி வயிறு, செவுளில் பளிச்சென்று சிவப்பு. எல்லாக் கண்களும் நேராகப் பார்த்தன.

"இதுங்க நம்ம சபையா?" என்றேன். "இவ்வளவு அலங்காரம் பண்ணியிருக்கே."

"ஞானஸ்நானம் ஆகி எல்லாம் சேந்தாச்சு" என்றார் யால்மரி. "நேரா நீந்துதான்னு பாக்க தினமும் தொட்டியில முக்கி எடுக்கிறோமில்ல."

சிரித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அன்பாய்க் கேட்கத்தான் வந்தேன். ஆனால் பதிலை வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன். ஐலியிடம் மன்னிப்புக் கேட்டேன். எங்கள் வழக்கப்படி அவள் என் தோளில் கை வைத்து, இயேசுவின் பெயரால் மன்னித்ததாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை.

"ஞாயித்துக்கிழமை நீங்க யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிறேன்" என்றார் யால்மரி.

சொன்னார். ஆராதனை தொடங்கும் முன் எழுந்து நின்று, எல்லோரும் பார்க்கக் கையை உயர்த்தி, நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடவுள் சில சமயம் நம்மைக் கண்டிக்கக் குரல் எடுப்பதில்லை.

எழுபத்தாறு வயது கெர்த்து தடியை ஊன்றிக்கொண்டு முன் வரிசையிலிருந்து எங்கள் பெஞ்சுக்கு வந்தாள். ரகசியம் பேசுவதாக நினைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஐலி, அடுத்த தடவை எந்த நிறம் வேணும்னு சொல்லு. நானே போய் வாங்கறேன். ஊர் என்னைப் பேசட்டும்."

ஐலி என்னை இடுப்பால் நெருக்கித் தள்ளிவிட்டு, கெர்த்து உட்கார இடம் செய்தாள்.