அதாவுல்லா பெயரில் ஒரு குழாய்

உப்பு மீட்டர் முப்பத்தெட்டு காட்டியது. உதறினேன், துப்பட்டா நுனியில் துடைத்தேன், மறுபடியும் டம்ளரில் முக்கினேன். அப்போதும் முப்பத்தெட்டுதான். வேறு ஊராக இருந்தால் நல்ல தண்ணீர் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். இது ஆம்பூர். தோல் பதனிடும் ஷெட்டுகளுக்குப் பின்னால் இருக்கிற தெருவில், ஒரு வீட்டுச் சுவரில் பதித்த குழாயில், உப்பே இல்லாத தண்ணீர் வந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும். இந்தப் பக்கத்து போர் தண்ணீரில் வைத்தால் மீட்டர் ஆயிரத்தைத் தாண்டி ஓடும். நகராட்சித் தண்ணீர் என்றாலும் சில நூறாவது காட்டும். மெஷினில் வடிகட்டிய தண்ணீரில் மட்டும்தான் எண் இவ்வளவு கீழே இறங்கும்.

இப்படிக் குழாய் குழாயாக மீட்டரை முக்கிக்கொண்டு திரிவதுதான் என் வேலை. வேலூரில் இருக்கிற ஒரு தொண்டு நிறுவனத்துக்காக, ஊரிலுள்ள பொதுக் குடிநீர்க் குழாய்களைச் செல்போன் வரைபடத்தில் குறிக்கிறேன். குடிக்கலாம் என்றால் பச்சைப் புள்ளி, கூடாது என்றால் சிவப்பு. கம்பெனிக்குப் போகிறவர்களும் பஸ்ஸுக்கு நிற்பவர்களும் பச்சைப் புள்ளியைத் தேடிப் போய்க் குடித்தால் பாட்டில் வாங்குவது குறையும், பாலாற்று மணலில் பிளாஸ்டிக் குவிவதும் குறையும் என்பது திட்டம். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். குறை என்னிடம்தான். இதற்கு முன் பல வருஷம் ஷூ கம்பெனியில் லெதர் செக்கிங்கில் இருந்தேன். தோலை வெளிச்சத்தில் விரித்து எங்கே கீறல், எங்கே உண்ணி கடித்த தழும்பு என்று தேடுவதே பிழைப்பு. பழுதில்லாத தோல் வந்தால் “எப்சி, இன்னொரு வாட்டி பாரு” என்பார் சூப்பர்வைசர். அந்தப் புத்தி கம்பெனியோடு நிற்காமல் என்னோடு வந்துவிட்டது. தண்ணீர் விஷயத்தில் அது இன்னும் ஜாஸ்தி. சிறுநீரகத்தில் கல் வந்து துடித்ததிலிருந்து ஊர்த் தண்ணீரை நான் வாயில் வைப்பதில்லை. என் துணிப்பைக்குள், துண்டில் சுற்றி, கடையில் வாங்கிய பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். பாட்டிலை ஒழிக்கப் புறப்பட்டவள் பாட்டிலோடு அலைகிறாள் என்று யாராவது படமெடுத்துப் போட்டால் என் கதை முடிந்தது. அதற்காகத்தான் துண்டு.

குழாய்க்கு மேலே வெள்ளை டைல்ஸில், பச்சை எழுத்தில், ‘அதாவுல்லா நினைவாக’ என்று இருந்தது. இங்கே முஸ்லிம் வீடுகளில் இறந்தவர் பெயரில் இப்படி வாசலில் தண்ணீர் வைப்பார்கள். சபீல் என்று பெயர். குடிக்கிறவரின் தாகம் தீரும்போதெல்லாம் அந்த நன்மை இறந்தவருக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. சங்கிலியில் ஒரு எவர்சில்வர் டம்ளர், பளபளவென்று தேய்த்து வைத்தது. படம் எடுத்து, மீட்டர் எண்ணையும் ஏற்றி முடிக்கும்போது கேட் திறந்தது.

“இன்னாமா படம் புடிக்கிற?”

ஐம்பது வயதைத் தாண்டிய பெண். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நின்றாள். நான் வரைபடத்தைக் காட்டி விவரம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள், அதுவரை முகத்தில் ஒன்றும் இல்லை.

“எங்க கொழாய அதுல போடாத. அழிச்சிடு.”

“ஏன் பாயம்மா? இன்னும் நாலு பேர் வந்து குடிப்பாங்க. உங்களுக்கு நல்லதுதான?”

“குடிக்கிறவங்க குடிக்கிறாங்க. போதும்.”

கேட்டைச் சாத்திவிட்டாள். சாத்துவதற்குள் நான் பார்த்துவிட்டேன். பக்கச் சுவரோரமாக நீலநிறத் தண்ணீர்க் கேன்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. சபீல் வைத்த வீட்டில் யாராவது குடிக்க வராதே என்பார்களா? எனக்கு உள்ளே மணி அடித்தது.

எதிரே பெட்டிக்கடை. அங்கே வாசலில் தண்ணீர்ப் பாட்டில்களைச் சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். என் பாட்டில் காலியாகியிருந்ததால் ஒன்று வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டே கடைக்காரர் ரஃபி அகமதுவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

“உமைமா பூபு வீடு மேடம். மவன் அதாவுல்லா போனதுலேர்ந்து தனியாத்தான் இருக்காங்க.”

“தனி ஆளுக்கு இத்தன கேனா பாய்?”

அவர் பிஸ்கட் டப்பாக்களை நகர்த்தி நகர்த்தி அடுக்கத் தொடங்கினார். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

“பேஜார் புடிச்ச வேலை மேடம் உங்களுது. அந்த ஒரு கொழாய விட்டுட்டுப் போங்களேன்.”

இவரும் கூட்டு என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். பழைய பாட்டில்களைப் பொறுக்கி, கண்ட தண்ணீரை நிரப்பி, மூடி போட்டு விற்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வாசலில் சபீல், பின்னால் வியாபாரம். யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆபீஸுக்கு போன் போட்டேன். பூர்ணிமா மேடம்தான் எங்கள் திட்டத்துக்குப் பொறுப்பு.

“தண்ணி நல்லாத்தான இருக்கு? பச்சை போட்டுடுங்க எப்சி.”

“எங்கேர்ந்து வருதுன்னு தெரியல மேடம். அந்தம்மா வேற அழிக்கச் சொல்றாங்க.”

“ஏத்தினத அழிக்க முடியாது. நாளைக்கு மத்தியானம் மேப்பை எல்லாருக்கும் தொறந்து விடுறோம். சந்தேகம்னா சிவப்பு போடுங்க. ரெண்டுல ஒண்ணு.”

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டேன். மசூதியில் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். ஷெட்டுகளின் நாற்றம் காலைக் காற்றில் இன்னும் கனமாக இருந்தது. உமைமா வீட்டின் பக்கத்துச் சந்தில் சின்னக் கதவு ஒருக்களித்திருந்தது. போனைப் படமெடுக்கத் தயாராகப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். கள்ளனைப் பிடிக்கப் போகிற சந்தோஷம் எனக்கு இருந்தது, அதை மறைப்பானேன்.

இரும்பு ஏணியில் உமைமா நின்றிருந்தாள். புடவையை இழுத்துச் செருகி, இடுப்பில் ஒரு கேனை அணைத்து, கறுப்பு டேங்கின் வாயில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கீழே ரஃபி அகமது ஏணியை அழுத்திப் பிடித்திருந்தார். டேங்கிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்து வாசல் பக்கம் போனது. வேறு பாட்டிலும் இல்லை, மூடியும் இல்லை. அவ்வளவுதான் அந்த வியாபாரம்.

ரஃபி அகமதுதான் என்னை முதலில் பார்த்தார். உமைமா காலிக் கேனோடு மெதுவாக இறங்கி வந்தாள்.

“பாத்துட்டியா? இப்போ நிம்மதியா?”

போனைக் கீழே இறக்கினேன். அவள் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

“மொதல்ல போர் தண்ணிதான். ஒரு வருஷம் நல்லாத்தான் வந்துச்சு. அப்புறம் மஞ்சளாப் போச்சு. கம்பெனிப் பொண்ணு ஒண்ணு ஒரு வாய் வெச்சிட்டு தூன்னு துப்பிட்டுப் போச்சு. எம்புள்ள பேரு எழுதியிருக்கே, அதுக்குக் கீழயே.”

“அதுக்காக தினமுமா பாயம்மா?”

“ஆஸ்பத்திரில தண்ணி தண்ணின்னு கேட்டான். ஆபரேஷன் இருக்கு, குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நானும் குடுக்கல.” காலிக் கேனின் வாயைத் துணியால் அடைத்தாள். “ஆபரேஷனுக்கு முன்னாடியே போய்ட்டான்.”

என் புத்தி இருக்கிறதே, அந்த நேரத்திலும் அது சும்மா இருக்கவில்லை. எந்தக் கம்பெனிக் கேன், மூடியில் சீல் இருந்ததா, டேங்கைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்னை நானே அறையலாம் போல இருந்தது.

“நேத்தே ஏத்திட்டேன் பாயம்மா. அழிக்க வராதாம். மத்தியானத்துக்குள்ள பச்சை, இல்ல சிவப்பு போடணும்.”

“சிவப்பு போட்டா?”

“யாரும் குடிக்க மாட்டாங்க.”

“பச்சை போட்டா?”

“ஷிப்டுக்கு வர்றவங்க, போறவங்க, எல்லாரும் வருவாங்க.”

“அவ்ளோ தூக்க என்னால ஆவாதும்மா. காஞ்ச கொழாயப் பாத்துட்டு எம்புள்ளையத்தான் திட்டிட்டுப் போவாங்க.”

வரைபடத்தைக் காட்டி ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்கலாமென்று போனை அவள் பக்கம் நீட்டினேன். தோளிலிருந்து பை சரிந்தது. துண்டு அவிழ்ந்து, பாட்டில் உருண்டு, உமைமாவின் காலடியில் போய் நின்றது. ரஃபி அகமது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கடையில் வாங்கியதுதானே. உமைமா குனிந்து அதை எடுத்தாள். என் போனையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஊரு பூரா பச்சை போட்டியே. அதுல ஒரு கொழாயிலயாவது வாய் வெச்சிருக்கியா?”

பாட்டிலை வாங்கக் கையை நீட்டினேன். அவள் பாட்டிலை என் பையிலேயே திருப்பி வைத்து, கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். குழாயைத் திறந்து டம்ளரைக் கழுவினாள், நிரப்பினாள், சங்கிலியோடு நீட்டினாள்.

“குடி. குடிச்சிட்டு இன்னா கலர் வேணும்னாலும் போடு.”

தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கப் போனது என் கை. பாதியில் நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். கேன் வாடை லேசாக இருந்தது, வேறொன்றும் இல்லை. கண்ணைத் திறந்தபோது உமைமா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. நான் குடித்து முடிக்கும்வரை அசைந்துகொண்டே இருந்தன.

தெருமுனையில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நீலக் கோட்டு போட்ட கம்பெனிப் பெண்கள் இறங்கி வந்தார்கள். முதலில் வந்தவள் என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, ஒன்றும் கேட்காமல் குழாயைத் திறந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். என் போனில் பச்சையும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கட்டைவிரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

உமைமா உள்ளே போய்விட்டிருந்தாள். சுவருக்கு மேலே டேங்கும் அவள் கையும் மட்டும் தெரிந்தன. தண்ணீர் நிற்கிற இடம் வரைக்கும் டேங்க் குளிர்ந்திருக்கும் அல்லவா, அந்தக் குளிர்ச்சி முடிகிற இடத்தில் உள்ளங்கையை வைத்திருந்தாள். வாசலில் டம்ளர் கைமாறிக்கொண்டிருந்தது. சுவருக்கு மேலே அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.