பாதியாய்க் குறைந்த ஏற்றம்

புருல்சா வரைந்த கோடு பலகையின் உச்சிக்கு ஏறியதும் அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சாதிர் மட்டும் தேநீர்க் கிண்ணத்தைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்த மூன்று செயற்கைக்கோள்களின் அளவுகளைப் பல வருடம் பாடுபட்டு ஒன்றாகக் கோத்து, நாற்பது கிலோமீட்டர் உயரத்தில் மெலிந்துபோயிருந்த, தோலைச் சுடும் சூரியக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் வேகமாகத் திரும்பி வருகிறது என்று அவள் சொல்லியிருந்தாள். மறுநாள் தலைநகர் பிஷ்கெக்கில் பெரிய கூட்டம். அவள்தான் பேச வேண்டும்.

இசிக்-குல் ஏரிக்கரையில், தரையில் இருந்தபடியே அதே உயரத்து ஓசோனை அளக்கும் கருவி சாதிரின் பொறுப்பு. அவனும் அவளும் ஒன்றாகப் படித்தவர்கள். அவன் கருவியும் மூன்றாவது செயற்கைக்கோளும் முதலில் ஒத்துப்போயின. பிறகு வருடத்துக்கு வருடம் செயற்கைக்கோள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொல்லத் தொடங்கியது. தன் கருவிதான் பழுது என்று நம்பவே அவன் விரும்பினான். ஆனால் வேறு நாட்டு நிலையங்களிலிருந்து அன்று வந்த அளவுகளும் அவன் பக்கமே நின்றன.

எல்லோரும் போன பிறகு சொன்னான். “புருல்சா, உன் செயற்கைக்கோள் பொய் சொல்லுது.”

“அதுவா, உன்னோட ஓட்டைப் பெட்டியா?” என்று சிரித்தாள். அவன் சிரிக்காததைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “காட்டு.”

அவன் நீட்டிய அளவுகளை வரிவரியாகப் பார்த்தாள். கத்துவாள் என்று அவன் பயந்திருந்தான்.

“எப்பலேருந்து தெரியும்?”

“சந்தேகம் கொஞ்ச நாளா. உறுதியானது இன்னிக்குத்தான்.”

“அதுவரைக்கும் என்னைக் கைதட்டல் வாங்க விட்டியேடா, பாவி!”

“நாளைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடேன்.”

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. கணக்குக்குத்தான் காய்ச்சல்.”

கூட்டத்தில் அவள் முதலில் பழைய கோட்டைத்தான் காட்டினாள். “நேத்து நான் பெருமையா காட்டினது இது. தப்பு. செயற்கைக்கோளோட கண்ணு மங்கிட்டே வந்திருக்கு, நான் கவனிக்கல. கண்டுபிடிச்சது சாதிர்.” முன்வரிசையில் இருந்த அதிகாரி ஒருவர் எழுந்து வெளியே போனார். சாதிருக்குக் காது சுட்டது. தன் இத்தனை வருட உழைப்பைத் தன் வாயாலேயே உடைத்துவிட்டு ஒருத்தி இப்படி நிமிர்ந்து நிற்க முடியுமா என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் திருத்திய கோட்டைக் காட்டினாள். “ஏற்றம் பாதிதான். ஆனா இது நிஜம். ஏறுது.”

“எப்போ முழுசா சரியாகும்?” என்று யாரோ கேட்டார்கள்.

“நம்ம ஆயுசுல பார்க்க மாட்டோம்” என்றாள், கல்யாணச் செய்தி சொல்வதுபோல.

யாரும் கைதட்டவில்லை.

திரும்பும் வழியில் ஏரிக்கரை ஊரான பாலிக்சியில் காரை நிறுத்தச் சொல்லி, சாலையோரத்தில் புகையில் வாட்டிய மீன் வாங்கினாள். இரண்டு பேரும் நின்றபடியே முள்ளைத் துப்பித் துப்பித் தின்றார்கள். கீழே ஏரியில், வெயிலில் தோள் உரிந்த பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள்.