ஆயர் மறுத்த ரொட்டி

"வேணாம்னுட்டானா?" என்றான் லாயன்.

"வேணாம்னுட்டான். ஒருசந்தியாம்."

"அப்படின்னா?"

"அவங்க சாமி செத்த கிழமையாம். பொழுது சாயற வரைக்கும் பச்சத் தண்ணிதானாம்."

லாயன் தாடியில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டான். ஈட்டி, குளியல் குடிசையின் சுவரில் சாய்ந்திருந்தது.

"அண்ணி, அவன் வேத்து ஆளு. நம்ம ரொட்டியைத் தின்னவன் மேல யாரும் கை வைக்கக் கூடாதுங்கறது அவனுக்கு எப்படித் தெரியும்? சொல்லிடறதுதான் மொறை."

"சொன்னா தின்னுடுவான்."

"தின்னா தின்னுட்டுப் போறான்."

"என் பிள்ளை நெஞ்சுலேர்ந்து அம்பைப் புடுங்கினது நீயா, நானா?"

லாயன் ஈட்டியைக் கையில் எடுத்துக்கொண்டான். செத்துப்போன அண்ணனின் மனைவி இல்மேயிடம் அவன் எப்போதும் தோற்பவன்தான்.

இரண்டு கோடைக்கு முன்பு, இதே வைனா ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று, கடல் தாண்டிக் கப்பலில் வந்த சாக்சன் ஆயர் ரைன்வார்ட் தன் கையாலேயே இல்மேயின் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தார். கப்பல் மறைந்ததும் ஊரே திரும்ப ஆற்றில் இறங்கியது. மணலாலும் பிர்ச் இலைக் கொத்தாலும் உடம்பைத் தேய்த்து, அந்த ஞானஸ்நானத்தைக் கழுவி, வந்த வழியே கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். சேதி சாக்சன் நாட்டுக்குப் போயிற்று. அடுத்த வசந்தத்தில் ஆயர் வில்லாளிகளோடு வந்தார். கரையில் நின்று கேலியாகச் சிரித்துக்கொண்டிருந்த இல்மேயின் மகன், சிரிப்பு முடியும் முன்பே விழுந்தான். அவனைப் புதைத்த ஈர மண்ணில் கை வைத்து அவள் சபதம் செய்தாள்: ஆயரின் தலை ஆற்று வளைவில், ஒரு கம்பத்தின் உச்சியில் நிற்கும், வருகிற கப்பல் எல்லாம் அதைப் பார்க்கும்.

இன்று காலை பாறைத் திருப்பத்தில் ஆயரின் படகு பிளந்தது. துடுப்புக்காரர்களை ஆறு கொண்டுபோயிற்று. தப்பியவர் புகை தெரிந்த வீட்டைத் தேடி வந்தார். அது இல்மேயின் வீடு.

அவள் உள்ளே போனாள். அடுப்பருகே அவருடைய கம்பளி அங்கி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கால் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. ஆற்றில் நின்றபோது இருந்ததைவிடச் சின்ன ஆளாகத் தெரிந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவர் பார்த்த எத்தனையோ ஈரத் தலைகளில் இதுவும் ஒன்று.

இரண்டாவது முறையாக ரொட்டியையும் உப்பையும் நீட்டினாள்.

"மன்னிச்சுக்கோம்மா. வயிறு உன் பக்கம்தான் பேசுது. நான்தான் அதோட மல்லுக்கு நிக்கறேன்." இந்தக் கரை மக்களான லீவியரின் பேச்சை அவர் குழந்தைகளிடம் கற்றவர்போல் மழலையாகப் பேசினார்.

இன்னும் ஒரு முறை. மூன்று முறை மறுத்தவன் விருந்தாளி அல்ல, பகையாளி. அவள் சூடான ஒரு துண்டை அறுத்துத் தேன் தடவினாள். அந்த வாசனையில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை நீண்டது. கூரை ஒழுகல் படாமல் ரொட்டிப் பலகையை நகர்த்தி வைத்துவிட்டு அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"பொழுது சாயட்டும். இதையே தின்னுட்டுப் போறேன்."

இல்மே கதவைத் திறந்தாள். ஈட்டியோடு லாயன் வந்து நின்றான்.

"போன வசந்தத்துல கரையில நின்னு சிரிச்சானே ஒரு பையன். ஞாபகம் இருக்கா?"

ஆயர் அவளை முதல்முறையாக நன்றாகப் பார்த்தார். "இருக்கு. அம்பு விடாதேன்னு சொல்ல வாயெடுத்தேன். எடுத்ததோட சரி."

"எங்க ரொட்டியைத் தின்னிருந்தா உன்னைத் தொட்டிருக்க மாட்டோம். மூணு தடவை வேணாம்னுட்டே."

"அப்படியா" என்றார். தேன் ரொட்டியை ஒரு கணம் பார்த்தார். எடுக்கவில்லை.

"உனக்கென்ன கவலை?" என்றான் லாயன். "உங்க மதத்துக்காகச் செத்தவன் எலும்பைத் தங்கப் பெட்டியில வெச்சுக் கும்பிடுவாங்கன்னு அன்னிக்கு ஆத்தங்கரையில நீதானே சொன்னே? சொல்லும்போது உன் மூஞ்சியில என்ன ஒரு ஆசை."

"எலும்பு மட்டும்தான் போகும்" என்றாள் இல்மே. "தலை இங்கேயே நிக்கும். உங்க கப்பல்காரன் ஒவ்வொருத்தனும் பார்ப்பான்."

ஆயர் எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பார்த்தா, வர்ற வசந்தத்துல இந்தக் கரையில ஒரு அடுப்பு எரியாதும்மா. அவங்களை எனக்குத் தெரியும். கூட்டிட்டு வந்ததே நான்தானே. இப்போ படகோட நானும் முழுகிட்டேன்னுதான் நினைப்பாங்க. அது அப்படியே இருக்கட்டும். பெட்டி வேணாம், பேரும் வேணாம். என்னைத் தலையோட சேர்த்து ஆத்துலயே விட்டுடறியா?"